விளக்கும் சாட்சியும்

மின்மினிப் பூச்சியைப் பற்றி வியாபாரிகளுக்கு என்ன பேச்சு என்று அன்பர்கள் கேட்கக் கூடும். அரிசி விலை, கடை வாடகை, வராக்கடன் இவை போதாதென்று பூச்சி வேறா என எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்தப் பூச்சியின் வெளிச்சத்தைக் கொண்டு இன்றைய விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்து வருகின்றனர். அந்தக் காரியத்துக்குள்ளே நம் பெட்டியடியில் நாள்தோறும் எழுகின்ற கேள்வியொன்று அடங்கியிருக்கிறது. ஒருவன் வந்து ஒரு சங்கதி சொல்லுகிறான். அவன் பொய்யன் அல்லன். கண்டதைக் கண்டபடியேதான் சொன்னான். ஆனாலும் அவன் சொல்லை வைத்து நாம் கட்டிய முடிவு தவறாகப் போய்விடுகிறது. குற்றம் யாரைச் சேரும்?

மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு கல்வி கிடையாது. ஆகவே இந்த விஷயத்தை நமக்கு விளங்க வைத்தது நம் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பெருநாள் விருந்துக்கு வந்திருந்தபோது, "அங்கே அப்படி என்னம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டோம். "இருட்டறையில் உட்கார்ந்து விளக்கு எண்ணுகிறோம் சாச்சா" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். அதன்பின் இரண்டு மூன்று தடவை அவளை உட்கார வைத்துக் கேட்டும், அவள் தந்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் எழுதுகிறோம்.

மனித உடம்பு எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு முழுப் பேரேடு இருக்கிறது. சுமார் 20,000 பக்கம் உள்ள பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சரக்கைச் செய்வதற்கான விவரம். அதற்குத்தான் மரபணு என்று பெயர். கண்ணிலுள்ள உயிரணுவுக்கும் ஈரலிலுள்ள உயிரணுவுக்கும் ஒரே பேரேடுதான். ஆனால் கண் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறக்கிறது. ஈரல் வேறு பக்கங்களைத் திறக்கிறது. மற்றவை மூடிக் கிடக்கின்றன. எந்தப் பக்கம், எந்த வேளையில், எவ்வளவு திறந்தது என்பதை அறிந்தால் நோயின் பாதி சங்கதி தெரிந்த மாதிரி. புற்றுநோய் என்பதிலும் திறக்கக் கூடாத பக்கங்கள் திறந்து கிடக்கும் கதை உண்டு.

ஆனால் இதைக் கண்ணால் பார்ப்பது எப்படி? உயிரணுவே கண்ணுக்குத் தெரியாதது. அதற்குள் கிடக்கும் பேரேட்டை யார் எட்டிப் பார்ப்பது?

நம் வீட்டு ஐஸ்பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. விஞ்ஞானிகள் செய்தது இந்த வேலைதான். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு தாழ்ப்பாள் போன்ற பகுதி உண்டு. அந்தத் தாழ்ப்பாளைப் பிரதி எடுத்து, அதன் பின்னால் வெளிச்சம் உண்டாக்கும் மரபணு ஒன்றை ஒட்டி, உயிரணுவுக்குள் செலுத்தி விடுகிறார்கள். உயிரணு அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கும் போதெல்லாம் விளக்கு எரியும். இருட்டறையில் நுண்மையான கருவியை வைத்து வெளிச்சத்தை அளந்தால், பக்கம் எவ்வளவு திறந்தது என்று கணக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் பத்திரிகை நிருபருக்குச் சொல்லும் பெயரையே இந்த மரபணுவுக்கும் வைத்திருக்கிறார்கள். நாம் சாட்சி என்போம். நம் தொழிலுக்கு அதுவே பொருந்தும்.

இந்த விளக்குகள் வந்த வழி இரண்டு. ஒன்று மின்மினி. குவாலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில், பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரமாய் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மினுங்கும் பூச்சிகளை நம்மில் பலர் படகில் போய்ப் பார்த்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்துக்குப் போனது அந்த இனமன்று, வட அமெரிக்காவில் கோடைகால மாலைகளில் பறக்கும் தூரத்துச் சொந்தம். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மெக்கெல்ராய் என்பவர், ஊர்ப் பிள்ளைகளிடம் 100 பூச்சிக்கு 25 சென்ட் என்று விலை வைத்துக் கொள்முதல் செய்தார். மொத்த விலையா சில்லறை விலையா என்று நம்மவர்கள் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல விலைதான். உயிர்கள் உழைப்புக்குச் செலவழிக்கும் ஏ.டி.பி. என்னும் பொருள் இல்லாமல் அந்தப் பூச்சியின் வெளிச்சம் எரியாது என்று அவர் 1947இல் கண்டார். பூச்சியின் வெளிச்ச மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தது 1985இல், கலிபோர்னியாவின் சான் டியாகோவில். மறு ஆண்டே அதைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, செடி இருட்டில் ஒளிர்வதைப் படம் பிடித்தார்கள்.

மற்றொன்று கடலிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா என்னும் ஜப்பானியர் 1961ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரையில் ஜெல்லி மீன்களை வலைவீசிப் பிடித்து, ஏறக்குறைய 10,000 மீன்களின் சாற்றைப் பிழிந்தார். வெளிச்சம் வரவில்லை. ஒரு நாள் பயனற்றது என்று கழுவுதொட்டியில் கொட்டிய சாறு பளிச்சென்று நீலமாய் ஒளிர்ந்தது. தொட்டியில் கடல்நீர் இருந்தது. அதிலுள்ள கால்சியம் பட்டதும் ஒளி பிறந்தது. அந்தச் சாற்றிலிருந்தே பச்சையாய் ஒளிரும் இன்னொரு புரதமும் கிடைத்தது. அது தானாக எரியாது; நீல ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் பச்சை ஒளி தரும். அதன் மரபணுவை 1992இல் எடுத்தவர் டக்ளஸ் பிராஷர். மார்ட்டின் சால்ஃபி அதைப் புழுவின் உடம்பில் வைத்து, சில நரம்புகள் மட்டும் பச்சையாய்த் தெரிவதை 1994இல் காட்டினார். 2008இல் நோபெல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியன் மூவருக்கும் கிடைத்தது.

பிராஷர் ஆராய்ச்சிப் பணம் நின்றுபோய், தாம் எடுத்த மரபணுவை சால்ஃபிக்கும் சியனுக்கும் அனுப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர். பரிசு அறிவித்த நாளில் அவர் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் வியாபாரியிடம், வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் தம் செலவில் அவரையும் அவர் மனைவியையும் பரிசு விழாவுக்கு அழைத்துப் போனார்கள். இதைப் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்று நமக்கு இன்னும் பிடிபடவில்லை. அது தனிக்கதை.

இந்தச் சாட்சியால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் சொல்லிவிட்டு மேலே போவோம். செடிகள் பொழுது விடிந்த பிறகுதான் விழிக்கின்றன என்று நினைப்பது எளிது. ஒரு சிறு செடியில், வெயிலைப் பிடித்து உணவாக்கும் வேலைக்குரிய மரபணுவின் தாழ்ப்பாளில் மின்மினி விளக்கைக் கட்டினார்கள். சூரியன் வருவதற்கு முன்பே விளக்கு ஏறத் தொடங்கியது! கடையைத் திறக்க சுபுஹுக்கு முன்பே எழும் முதலாளி மாதிரி செடி முன்கூட்டித் தயாராகிறது. எந்நேரமும் வெளிச்சத்திலேயே வைத்தாலும் அந்த ஏற்றமும் இறக்கமும் நாள் கணக்கில் நடந்தன; ஆகவே கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளின் விளக்கைப் பார்த்து, தாளம் தவறியவற்றைப் பொறுக்கி எடுத்து, 1995இல் ஆண்ட்ரூ மில்லர், ஸ்டீவ் கே முதலானோர் 21 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்டு ஓடும் நாற்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு செடியையும் கசக்காமல் கொல்லாமல், வெறும் வெளிச்சத்தைப் பார்த்தே இத்தனையும் தெரிந்தது.

இனி சிங்கப்பூர் சங்கதி. 1999இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் ஜியுவானும் அவர் குழுவினரும் வரிமீன் என்னும் சிறு மீனுக்குள் ஜெல்லி மீனின் பச்சை ஒளி மரபணுவை வைத்தார்கள். தண்ணீரில் மாசு கலந்தால் ஒளிரும் மீனை உண்டாக்கி, ஆற்று நீருக்குச் சாட்சியாக நிறுத்துவது அவர்கள் நோக்கம். அதற்கு முதல் படியாக எந்நேரமும் ஒளிரும் மீன் கிடைத்தது. அதைக் கண்ட அமெரிக்க வியாபாரிகள் உரிமை வாங்கி, 2003ஆம் ஆண்டு முடிவிலிருந்து அழகு மீனாக அங்கே விற்பனைக்கு விட்டார்கள். குளோஃபிஷ் என்பது அதன் வியாபாரப் பெயர். அந்த ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியா மாநிலத்து மீன்வள ஆணையம் மட்டும் விற்பனைக்கு இடம் கொடுக்க மறுத்தது. மீனால் ஆபத்து என்று அங்கே பேசியதைவிட, கண்ணுக்கு அழகு என்ற ஒன்றுக்காக ஓர் உயிரின் பேரேட்டில் கை வைக்கலாமா என்று பேசியதே முக்கியமாயிற்று.

நாமும் வியாபாரிகள். தொட்டியில் வைக்கும் மீனை விற்பது பாவம் என்று சொல்ல நாம் துணியோம். அழகான பொருளுக்கு விலை உண்டு, வாங்குவார் இருந்தால் விற்பார் இருப்பார். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அழுக்கு நீரிலும் ஒளிர்ந்து, நல்ல நீரிலும் ஒளிர்கிற மீன் நீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாட்சியாக வந்தது சரக்காகிவிட்டது. வெளிச்சம் அழகாக இருப்பதனால், அது எதைச் சொல்ல வந்தது என்பதை மறந்து அதையே ரசிக்கத் தொடங்கிவிடுகிறோம். மீனில் இந்த மறதியால் கேடில்லை. மருந்தில் நேர்ந்தால்?

அதற்கு வருமுன், சாட்சியின் குணத்தை அறிய வேண்டும். ஐஸ்பெட்டிக் கதவை மூடியதும் விளக்கு அணைகிறது. உயிரணுவில் அப்படியில்லை. ஒருமுறை செய்யப்பட்ட விளக்கு, கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மின்மினி விளக்கு சுமார் 3 மணி நேரத்தில் பாதியாகும். ஜெல்லி மீனின் பச்சை விளக்கு பாதியாவதற்கு ஒரு நாள் ஆகிவிடும். ஆகவே பச்சை தெரிகிறது என்றால் கதவு இப்போது திறந்திருக்கிறது என்றும் கொள்ளலாம், நேற்றுத் திறந்தது என்றும் கொள்ளலாம். இருட்டாயிருந்தால் மூடியிருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு விளக்குக்கும் பிராணவாயு வேண்டும். கட்டியின் நடுப்பகுதி போல் காற்றுப் போகாத இடத்தில் கதவு விரியத் திறந்திருந்தும் விளக்கு எரியாமல் போகலாம். மேலும் விளக்குக் கட்டியிருப்பது பிரதி எடுத்த தாழ்ப்பாளில். அசல் தாழ்ப்பாள் பேரேட்டில் வேறோர் இடத்தில், வேறு அண்டை அயலோடு இருக்கிறது.

இவ்வளவும் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததே. "இதெல்லாம் முதல் வருஷப் பாடம் சாச்சா" என்றாள் நம் பெண். தெரிந்தவர்களிடம்தான் பின்வரும் கதை நடந்தது.

டூஷென் தசைச்சிதைவு என்று ஒரு நோய். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வரும். தசையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உண்டாகாமல் போவதால் குழந்தை ஓட முடியாமல், பிறகு படி ஏற முடியாமல், பலர் 12 வயதையொட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகின்றனர். அதன்பின் நுரையீரலும் இதயமும் தளரும். இந்த நோயாளிகளில் 100க்கு 10 முதல் 15 பேருக்குக் காரணம் ஓர் எழுத்துப் பிழை. பேரேட்டுப் பக்கத்தின் நடுவிலேயே, முடிவில் போட வேண்டிய 'முற்றும்' என்ற குறி விழுந்துவிடுகிறது. படிப்பவன் அங்கேயே நிறுத்திவிடுகிறான். சரக்கு அரைகுறையாக நின்றுபோகிறது.

அந்தத் தவறான 'முற்றும்' குறியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்து கிடைத்தால்? அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதைத் தேடப் புறப்பட்டது. மின்மினி விளக்கின் மரபணுவிலேயே நடுவில் ஒரு பொய் 'முற்றும்' வைத்தார்கள். அப்படி வைத்தால் விளக்கு உருவாகாது, இருட்டுத்தான். இப்போது ஒவ்வொரு ரசாயனமாகப் போட்டுப் பார்க்க வேண்டியது. எது போட்டால் வெளிச்சம் வருகிறதோ அது குறியைத் தாண்டிப் படிக்க வைக்கிறது என்று அர்த்தம். கெட்டிக்கார யோசனை என்பதில் ஐயமில்லை. ஏறக்குறைய 800,000 ரசாயனங்களைச் சோதித்தார்கள். வெளிச்சம் வந்தது. அந்த வழியில் பிறந்த பொருளுக்கு பி.டி.சி.124 என்று பெயரிட்டார்கள். பின்னாளில் அட்டலூரென் ஆயிற்று. 2007இல் புகழ்பெற்ற நேச்சர் இதழில் செய்தி வந்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிப் படியேறும் தகப்பன்மார் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

2009இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டக்ளஸ் ஆல்ட், ஜேம்ஸ் இங்லீஸ் முதலானோர் வேறொன்றைச் சொன்னார்கள். பி.டி.சி.124 மின்மினி விளக்கையே இறுகப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடிக்கப்பட்ட விளக்கு சீக்கிரம் அழிவதில்லை.

இதை நம் கடைக் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். தட்டில் நேற்று 20 சீப்பு வாழைப்பழம் இருந்தது, இன்று 40 சீப்பு இருக்கிறது. கொள்முதல் இரட்டிப்பாயிற்று என்று சொல்லலாமா? கொள்முதல் அதேதான், அழுகல் குறைந்திருந்தாலும் தட்டு நிறையும். தட்டில் உள்ளதை மட்டும் எண்ணுபவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பொய் 'முற்றும்' குறி வைத்த மரபணுவிலும், குறியைத் தாண்டித் தற்செயலாக உருவாகும் விளக்குகள் சில இருக்கவே செய்யும். இந்த மருந்து அவற்றை அழியாமல் பிடித்து வைத்தால் அவை சேர்ந்து சேர்ந்து வெளிச்சம் கூடும். குறியைத் தாண்டிப் படித்தல் ஒரு துளியும் கூடியிருக்க வேண்டியதில்லை. விளக்கு பொய் சொல்லவில்லை. விளக்குகள் அதிகம் என்று சொன்னது, அதிகமாகத்தான் இருந்தன. ஏன் அதிகம் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை சொன்னது பார்த்தவர்களின் ஆசை.

ஆல்ட் குழுவினர் இதை எப்படிக் கண்டார்கள்? மின்மினிக்குப் பதில் வேறு விளக்கை வைத்தார்கள். கடலடி மணலில் வாழும் ரெனில்லா என்றோர் உயிர் இருக்கிறது. அதற்கும் வெளிச்சம் உண்டு. ஆனால் அந்த விளக்கின் உருவம் வேறு, எரிபொருள் வேறு, மின்மினிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதே பொய்க் குறியை ரெனில்லா விளக்கில் வைத்து அதே மருந்தைப் போட்டபோது வெளிச்சம் கூடவில்லை. 2013இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் பலவகைச் சாட்சிகளை நிறுத்திப் பார்த்தார்கள். குறியைத் தாண்டிப் படிக்க வைக்கும் என்று முன்பே அறியப்பட்ட வேறொரு மருந்துக்கு அந்தச் சாட்சிகள் பலவும் சரியாகப் பதில் சொல்லின. அட்டலூரெனுக்குப் பதில் சொல்லவில்லை.

கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து வேண்டும், சாட்சி இருவர் வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலேயே ஓதிக் கொடுத்தார்கள். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டுவார் என்பதே அதற்குக் காரணமாகக் கேட்டிருக்கிறோம். ஆய்வுக்கூடத்திலும் இரண்டு விளக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆராயும் கதவில் மின்மினி. எந்நேரமும் திறந்திருக்கும் சாதாரணக் கதவொன்றில் ரெனில்லா. முதல் விளக்கு கூடும்போது இரண்டாவதும் சேர்ந்து கூடினால், உயிரணுக்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் இரண்டு சாட்சியும் ஒரே வீட்டுக்காரராயிருந்தால் பயன் ஏது? மின்மினி விளக்கு இரண்டை வைத்தால் மருந்து இரண்டையும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே குரலில் சாட்சி சொல்லும். நம் நம்பிக்கைதான் இரட்டிப்பாகும்.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். கம்பெனி ஏமாற்றியது என்று நாம் சொல்லவில்லை. மின்மினி விளக்கை மட்டும் நம்பி நாங்கள் போகவில்லை, எலியிலும் நோயாளிகளின் தசை உயிரணுவிலும் டிஸ்ட்ரோஃபின் உண்டானதைப் பார்த்தோம் என்பது அவர்கள் கட்சி. 2016இல் வந்த ஆராய்ச்சியொன்று, புரதம் கட்டப்படும் இடத்திலேயே அட்டலூரென் வேலை செய்வதற்கு அடையாளம் காட்டிற்று. முதல் சாட்சி தள்ளுபடியானதால் வழக்கே பொய் என்று ஆகிவிடாது. இதை மறந்து, 'விளக்குப் பொய், ஆகவே மருந்தும் பொய்' என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவசரம்தான், முதல் அவசரத்தின் உடன்பிறப்பு.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க நமக்கு மனமில்லை. இரண்டாம் சாட்சியைத் தேடிப் போகும் கடமை யாருடையது? வெளிச்சத்தினால் லாபமடையப் போகிறவனுடையது என்பது நம் அபிப்பிராயம். ஒரு வியாபாரி மாதிரி பார்த்துச் சரக்கு எடுக்கிறார். மாதிரி நன்றாயிருந்தால் சந்தோஷப்படுகிறார். சந்தோஷம் வந்த பிறகு மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்கக் கை எழாது. எழவேண்டியது அப்போதுதான், ஏனெனில் நம் சரக்கை வாங்கி உண்பவர் நம் மாதிரியைப் பார்த்தவர் அல்லர். இந்த வழக்கில் மூட்டையின் அடியைப் பார்த்தவர்கள் அரசாங்க ஆராய்ச்சியாளர்கள். அவர்களுக்கு அந்தச் சரக்கில் கொள்முதலும் இல்லை, விற்பனையும் இல்லை. அவர்கள் பார்த்தது நல்லது. பார்க்காமல் இருந்திருந்தால் என்ற கேள்வி நம்மைத் தூங்க விடவில்லை. "சரக்கு நல்ல சரக்காக இருந்துவிட்டால், தேவையில்லாமல் சோதித்து நாள் கடத்தியதால் பிள்ளைகளுக்குத்தானே நஷ்டம்?" என்று நம் கடைக்கு வரும் அன்பர் ஒருவர் மடக்கினார். சரியான கேள்வி. தசை காத்திருப்பதில்லை. ஆனாலும் விளக்கை மாற்றிப் பார்க்க ஆகும் நாட்கள் கொஞ்சம். நோயாளிகளிடத்தில் சோதித்து அறிய ஆண்டுகள் ஆகின்றன.

ஆண்டுகள்தான் ஆயின. பிள்ளைகள் 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். நடையும் ஒரு சாட்சி. பிள்ளை அன்று சோர்ந்திருந்தால் குறையும், தகப்பன் எதிரில் நின்று கூப்பிட்டால் கூடும். ஐரோப்பாவில் 2014இல், மேலும் சான்று தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. சுமார் 230 சிறுவர்களை வைத்து நடந்த பெரிய சோதனையில், எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு நடையில் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. சிலருக்கு மட்டும் பலன் தெரிந்ததாகக் கம்பெனி காட்டியது. அமெரிக்காவில் 2017இல் மறுத்துவிட்டார்கள். ஐரோப்பிய நிபுணர் குழு 2023இல், அனுமதியைப் புதுப்பிக்க வேண்டாம் என்றது. பெற்றோர் சங்கங்கள் எதிர்த்தன. மறுபடி மறுபடி பார்த்தார்கள். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் புதுப்பிக்க மறுத்து முடித்தது.

பத்தாண்டு அந்த மருந்தை மகனுக்குக் கலக்கிக் கொடுத்த தகப்பன் ஒருவரிடம் போய் நாம் இந்த விளக்குக் கணக்கைச் சொன்னால் அவர் என்ன சொல்லுவார்? "என் மகன் இன்னும் நடக்கிறான், எனக்கு அவனே சாட்சி" என்பார். மருந்து இல்லாவிட்டாலும் நடந்திருப்பானோ என்று அவரிடம் கேட்பது எப்படி? ஒரே பிள்ளையை மருந்தோடு ஒரு முறையும் மருந்தில்லாமல் ஒரு முறையும் வளர்த்துப் பார்க்க யாராலும் முடியாது. அவரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. இருட்டறையில் முதல் வெளிச்சத்தைக் கண்டவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இத்தனை ஆண்டு கழித்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.